சிஸ்டருக்கு வாழ்த்து அட்டை வேண்டாம், இன்னொரு சிஸ்டர் வேண்டும்



கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

மே 12 வந்தால் போதும், என் வாட்ஸ்அப் முழுக்க வெள்ளை உடையில் இறக்கை முளைத்த பெண்களின் படங்கள்தான். "மண்ணில் வந்த தேவதைகளுக்கு வாழ்த்துகள்" என்று ரோஜாப்பூவோடு வரும். அனுப்புகிறவர்களில் ஏழெட்டுப் பேர் நர்ஸ்கள், என்னிடம் கணக்கு படித்தவர்கள். அதில் மூன்று பேர் ராணுவ நர்சிங் சர்வீஸில் இருக்கிறார்கள். ஒருத்தி மட்டும் இந்த முறை படம் அனுப்பவில்லை. "டீச்சர், நேத்து நைட்டு ரெண்டு வார்டு என் தலையில. கூட ரெண்டு பசங்க. இப்பதான் ஷூ கழட்டுறேன்" என்று ஒரு வரி அனுப்பியிருந்தாள். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று நான் எழுதப் போவதில்லை. அவள் வேலையில் இருக்கிறாள்.

அந்த ஒரு வரிதான் என்னை இதை எழுத வைத்தது. நர்ஸ்களின் வேலைச் சூழல் என்று யாராவது பேச்செடுத்தால், அதை நாம் உடனே சம்பளம், லீவு, குவார்ட்டர்ஸ் என்ற கணக்கில் சேர்த்துவிடுகிறோம். "அது அவங்க சங்கத்துப் பிரச்சினை" என்று விட்டுவிடுகிறோம். என் எண்ணத்தில் அது நோயாளி பிழைக்கிறாரா, விழாமல் வீடு திரும்புகிறாரா என்ற கணக்கில் முதல் வரியாக இருக்க வேண்டியது. பட்டாளத்து ஆஸ்பத்திரிக்கும் இது பொருந்தும். அங்கே கட்டுப்பாடு இருக்கிறது, அதனால் ஆள் குறைந்தாலும் சமாளித்துவிடுவார்கள் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கைக்கு எதிராகத்தான் எழுதுகிறேன்.

நம் பக்கம் என்று சொன்னேன். வேலூரைச் சுற்றி வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் இருப்பார். கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். ஆகவே ராணுவ ஆஸ்பத்திரி என்பது நமக்கு டில்லிச் செய்தி இல்லை. பையன் அங்கே படுத்திருப்பான், ரிட்டயர் ஆன அப்பா படுத்திருப்பார், பையனின் பேரில் அம்மா படுத்திருப்பாள்.

முதலில் கணக்கு. நான் கணக்கு டீச்சர், அதைத் தாண்டி எனக்கு வராது.

2002இல் அமெரிக்காவில் லிண்டா ஐக்கன் என்ற நர்சிங் பேராசிரியரும் அவருடைய குழுவும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பென்சில்வேனியா மாநிலத்தில் 168 ஆஸ்பத்திரிகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸ்கள், அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,32,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். ஆஸ்பத்திரியின் அளவு, வசதி, நோயாளி எவ்வளவு மோசமாக வந்து சேர்ந்தார் என்பதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தார்கள். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று வந்தது.

7 சதவீதம் என்றால் "அவ்வளவுதானா" என்று தோன்றும். கூட்டு வட்டி பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நான்கு நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸிடம் ஆறு பேரை விட்டால் 1.07 பெருக்கல் 1.07. கிட்டத்தட்ட 14 சதவீதம். எட்டுப் பேரை விட்டால் 1.07ஐ நான்கு முறை பெருக்க வேண்டும். 31 சதவீதம். ஆய்விலும் இதே எண்களைத்தான் கொடுத்திருக்கிறார்கள். நான்குக்கு எட்டு என்று இங்கே யாராவது சொன்னால் நம் சிஸ்டர்கள் சிரிப்பார்கள். இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் விகிதமே பயிற்சி ஆஸ்பத்திரியில் மூன்று பேருக்கு ஒரு நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரியில் ஐந்து பேருக்கு ஒரு நர்ஸ். அது தாளில் இருக்கிறது. 2014இல் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் 300 ஆஸ்பத்திரிகளைப் பார்த்தபோதும் அதே 7 சதவீதம்தான் வந்தது.

ஏன் இப்படி ஆகிறது? ஆபரேஷன் முடிந்த நோயாளியிடம் டாக்டர் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை வருகிறார். மீதி நேரம் பக்கத்தில் இருப்பது நர்ஸ். உள்ளே ரத்தம் கசிகிறது, மூச்சு கொஞ்சம் வேகமாகிறது, சிறுநீர் குறைகிறது, நோயாளி சம்பந்தமில்லாமல் பேசுகிறார். இவையெல்லாம் மெஷினில் மணி அடிப்பதற்கு முன்பே ஒரு ஆளின் கண்ணில் படுகிற விஷயங்கள். அந்தக் கண் எட்டுப் படுக்கைக்குப் பொதுவானால் பார்க்காமல் போகும் நேரம் கூடுகிறது. நோயாளிக்குச் சிக்கல் வருவதை எல்லாச் சமயமும் தடுக்க முடியாது. வந்த சிக்கலைச் சீக்கிரம் கண்டுபிடித்துக் காப்பாற்றுவதில்தான் நல்ல ஆஸ்பத்திரிக்கும் மோசமான ஆஸ்பத்திரிக்கும் வித்தியாசம். அந்த ஆய்வில் இதற்கும் தனியாகக் கணக்குப் போட்டிருந்தார்கள், அதிலும் 7 சதவீதம்.

இது சிவில் ஆஸ்பத்திரிக் கதை, ராணுவத்தில் வேறு என்பீர்கள். இதே கேள்வியை ராணுவத்துக்குள் இருந்தே கேட்டவர் ஒருவர் இருக்கிறார். பட்ரீசியா பட்ரீசியன், அமெரிக்க ராணுவ நர்சிங் பிரிவில் கர்னல் வரை இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் சக ஆய்வாளர்களும் 13 அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஷிப்ட்டுகளின் விவரத்தை எடுத்து 2011இல் வெளியிட்டார்கள். ஒரு ஷிப்ட்டில் எத்தனை நர்ஸ்கள், அவர்களில் முழுப் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர், அதே ஷிப்ட்டில் எத்தனை பேர் கீழே விழுந்தார்கள், எத்தனை மருந்து தவறாகப் போனது. கணக்கு டீச்சராக எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடிக்கும். வருட சராசரி எடுத்தால் எல்லாம் சமமாகத் தெரியும். ஒரு ஆற்றின் சராசரி ஆழம் மூன்று அடி என்று நம்பி இறங்கியவன் கதை வகுப்பில் சொல்வேனே, அதுதான். இவர்கள் சராசரியை விட்டுவிட்டு ஒவ்வொரு ஷிப்ட்டையும் தனித்தனியாகப் பார்த்தார்கள். முழுப் பயிற்சி பெற்ற நர்ஸ்களின் பங்கும், மொத்த நர்சிங் நேரமும் கூடுதலாக இருந்த ஷிப்ட்டுகளில் விழுதலும் மருந்துத் தவறும் குறைந்தன. வார்டுக்கு வார்டு அளவு மாறியது, போன திசை ஒன்றுதான்.

அதற்கு முந்தைய வருடம் அவரே இன்னொன்றும் செய்திருந்தார். அமெரிக்கத் தரைப்படை ஆஸ்பத்திரிகளில் 900-க்கும் மேற்பட்ட நர்ஸ்களிடம் வேலைச் சூழலைப் பற்றிக் கேட்டார். எய்லீன் லேக் என்பவர் 2002இல் உருவாக்கிய 31 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. ஆள் போதுமா என்பது அதில் ஒரு பகுதிதான். மேலே இருப்பவர் ஆதரவாக நிற்கிறாரா, ஆஸ்பத்திரி முடிவுகளில் நர்ஸுக்கு இடம் உண்டா, தரமாக வேலை செய்ய அடிப்படை ஏற்பாடுகள் உண்டா, டாக்டரும் நர்ஸும் கூட்டாளிகளாக வேலை செய்கிறார்களா என்பவை மற்றவை. சூழல் மோசம் என்று சொன்ன இடங்களில் நர்ஸ்கள் களைத்துப் போயிருந்தார்கள், வேலையை விட நினைத்தார்கள், தாங்கள் கொடுக்கும் சிகிச்சையே சுமார்தான் என்று அவர்களே சொன்னார்கள். இந்தக் கடைசி விஷயத்தை இரண்டு முறை படித்தேன். யூனிபார்ம் போட்ட ஒரு நர்ஸ் தன் சொந்த வேலையையே சுமார் என்று எழுதிக் கொடுக்கிறார் என்றால் உள்ளே எவ்வளவு நொந்திருப்பார்!

அமெரிக்கத் தரைப்படை அதைக் கேட்டுக்கொண்டது. 2011இல் பேஷன்ட் கேரிங் டச் சிஸ்டம் என்று தன் நர்சிங் பணிக்கு ஒரே முறையைக் கொண்டு வந்தது. அதன் ஐந்து தூண்களில் ஒன்று ஆரோக்கியமான வேலைச் சூழல். பெயர் என்னவோ கொஞ்சம் அலங்காரம்தான். ஆனாலும் நர்ஸின் வேலைச் சூழல் நோயாளி விஷயம் என்று ஒரு ராணுவம் எழுத்தில் ஒப்புக்கொண்டதே, அது பெரிது.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன். என் பெரிய அண்ணன் சுபேதாராக ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தைந்துக்கு மேல். சில வருடங்களுக்கு முன் இடுப்பு எலும்பு முறிந்து ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். பெயர் தேவையில்லை. ஆபரேஷன் அருமையாக முடிந்தது. வார்டு சுத்தம், சாப்பாடு நேரத்துக்கு, ஒரு பைசா செலவில்லை. மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு அண்ணனுக்கு பாத்ரூம் போக வேண்டியிருந்தது. பெல் அடித்தார். சிஸ்டர் பக்கத்து வார்டில் மூச்சுத் திணறிய ஒருவரிடம் இருந்தார். நர்சிங் அசிஸ்டென்ட் பையன் ரத்தம் வாங்கிவர ஓடியிருந்தான். அண்ணன் பட்டாளத்துப் பிடிவாதம், தானே எழுந்தார். விழுந்தார். நெற்றியில் தையல், இடுப்புக்கு மறுபடியும் எக்ஸ்ரே, பதினோரு நாள் கூடுதலாகப் படுக்கை. அதன் பிறகு அவர் பழைய நடைக்கு வரவேயில்லை.

மறுநாள் காலை அந்த சிஸ்டரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். இருபத்தைந்து இருபத்தாறு வயதுப் பெண். அண்ணிதான் கட்டிலருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணு ரெண்டு பக்கமும் ஓடிச்சு, பாவம். அதுகிட்ட ஏன் எழுதி வாங்குறாங்க?" என்று எனக்கு போன் போட்டு அழுதார். விழுந்தது அவர் புருஷன், அழுதது சிஸ்டருக்காக. நீ ஏன் அங்கே இல்லை என்று கேட்டு வாங்கும் காகிதத்தில், அந்த நேரத்தில் உன்னிடம் எத்தனை நோயாளிகள் இருந்தார்கள் என்பதற்கு ஒரு கட்டம் இருந்திருந்தால், விளக்கம் எழுத வேண்டியவர் வேறு ஒருவர் என்று தெரிந்திருக்கும். எழுதி வாங்கினால் இன்னொன்றும் நடக்கும். அடுத்த முறை சின்னதாக ஒரு தவறு நேர்ந்தால், யாருக்கும் தெரியாமல் இருந்தால், எந்தப் பெண்ணும் வாய் திறக்க மாட்டாள். மருந்து மாறியதை உடனே சொன்னால் சரிசெய்யலாம். பயந்து மறைத்தால் நோயாளியின் உடம்பு சொல்லும் வரை காத்திருக்க வேண்டும்.

ராணுவத்தில் இந்த பயத்துக்கு இன்னொரு அடுக்கு உண்டு. ராணுவ நர்சிங் சர்வீஸ் சிஸ்டர்கள் எல்லாரும் கமிஷன் பெற்ற அதிகாரிகள். லெப்டினன்ட்டாகத் தொடங்குகிறார்கள். டாக்டரும் அதிகாரி, பெரும்பாலும் மேலே இருப்பவர். இரவு மூன்று மணிக்கு ஒரு லெப்டினன்ட் ஒரு லெப்டினன்ட் கர்னலை எழுப்ப வேண்டும். "சார், பிபி கொஞ்சம் இறங்குற மாதிரி இருக்கு" என்று இழுப்பதற்கும், "சார், நீங்க இப்பவே வரணும்" என்பதற்கும் நடுவில் ஒரு உயிர் இருக்கலாம். சிவில் ஆஸ்பத்திரியிலும் இந்தத் தயக்கம் உண்டு, தோளில் நட்சத்திரம் இருந்தால் இன்னும் கூடும்.

வேடிக்கை என்னவென்றால் இதற்கு மருந்தும் ராணுவத்திலிருந்தே வந்தது. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிகளில், கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் தயங்காமல் விஷயத்தைச் சொல்ல ஒரு வரிசை வைத்திருந்தார்கள். இப்போது நடப்பது என்ன, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, நீங்கள் செய்ய வேண்டியது என்ன. இந்த நான்கையும் பின்னால் ஆஸ்பத்திரிகள் எடுத்துக்கொண்டன. நர்சிங் படிக்கிற பிள்ளைகளுக்கு இது எஸ்பார் என்று தெரியும். நான்காவது படிதான் முக்கியம். அதைச் சொல்ல ஒரு சின்னப் பெண்ணுக்கு அனுமதி இருக்கிறதா என்பதும் வேலைச் சூழல்தான்.

நைட்டிங்கேல் அம்மையாரைப் பற்றிச் சொல்லாமல் எப்படி? அவர் பிறந்த நாள்தானே மே 12. அவர் வேலை செய்ததும் ராணுவ ஆஸ்பத்திரியில்தான். கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில் 38 பெண்களோடு துருக்கியில் ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரிக்குப் போனார். விளக்கோடு வந்தார், சாவு குறைந்தது என்றுதான் நாம் படித்தோம், படிப்பித்தோம். நடந்தது அப்படி இல்லை. அவர்கள் வந்த பிறகும் அந்தக் குளிர்காலம் முழுக்க சாவு ஏறிக்கொண்டே போனது. 1855 பிப்ரவரியில் உச்சம், நூற்றுக்கு 42 என்ற அளவு. கட்டடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது, காற்றோட்டம் இல்லை, கூட்டம் நெரிந்தது. மார்ச்சில் அரசு அனுப்பிய சுகாதாரக் குழு வந்து சாக்கடையைக் கழுவி, காற்று வர வழி செய்தது. கோடைக்குள் சாவு நூற்றுக்கு இரண்டு அளவுக்கு இறங்கியது. அத்தனை அர்ப்பணிப்புள்ள நர்ஸ்கள் இருந்தும் இடம் மாறாதவரை பலன் வரவில்லை. ஊருக்குத் திரும்பியதும் அந்த அம்மையார் வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். சிப்பாய்கள் பெரும்பாலும் காயத்தால் சாகவில்லை, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் செத்தார்கள் என்று 1858இல் வட்டப் படம் போட்டு அதிகாரிகளுக்குக் காட்டினார். நம் பாடப் புத்தகங்களில் விளக்குதான் வந்தது, அந்த வட்டப் படம் வரவில்லை. எனக்கு இன்றைக்கும் அதில் வருத்தம் உண்டு.

இந்தியாவில் ராணுவ நர்சிங் 1888 மார்ச் 28ஆம் தேதி பத்து நர்ஸ்கள் பம்பாயில் கப்பலை விட்டு இறங்கியதில் தொடங்குகிறது. நூற்று முப்பது வருடம் தாண்டிவிட்டது. 2023இல் நம் குமரி மாவட்டத்தைச் சேர்ந்த இக்னேஷியஸ் டெலோஸ் ஃப்ளோரா மேஜர் ஜெனரல் ஆகி அந்த சர்வீஸுக்கே தலைமைப் பொறுப்புக்கு வந்தார். பெருமையான விஷயம். அதே சர்வீஸில் கல்யாணம் செய்துகொண்டதற்காக வேலையை விட்டு அனுப்பும் விதியும் இருந்தது. 1977இல் வந்த ராணுவ உத்தரவு, 1995இல்தான் விலக்கினார்கள். 1988இல் ஒரு லெப்டினன்ட் கல்யாணம் செய்துகொண்டார். மாப்பிள்ளையும் ராணுவ அதிகாரிதான். மாப்பிள்ளை வேலை அப்படியே இருந்தது, பெண்ணின் வேலை போனது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விதி அப்பட்டமான பாகுபாடு என்று சொல்லி 60 லட்ச ரூபாய் கொடுக்கச் சொன்னது. இடையில் 36 வருடம். இதை ஏன் இங்கே கொண்டு வருகிறேன்? அந்த விதியால் நஷ்டப்பட்டது அந்தப் பெண் மட்டுமா? பயிற்சி முடித்து, அனுபவம் சேர்கிற வயதில் நர்ஸ்களை அனுப்பிவிட்ட ஒவ்வொரு வார்டிலும் படுத்திருந்தவர்களும்தான்.

"அதெல்லாம் சரி, மிலிட்டரி ஆஸ்பத்திரி நம்ம பெரியாஸ்பத்திரிக்கு எவ்வளவோ மேல்" என்று என் தம்பி இந்நேரம் கமென்ட் போட்டிருப்பான். ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் கேட்கிறேன். ஆள் கணக்கு, நேரக் கணக்கு, எல்லாவற்றையும் ரிஜிஸ்டரில் எழுதுவதில் ராணுவத்தை மிஞ்ச ஆள் கிடையாது. எத்தனை தோட்டா செலவானது என்று எண்ணத் தெரிந்தவர்களுக்கு, எந்த ஷிப்ட்டில் எத்தனை சிஸ்டர், எத்தனை பேர் விழுந்தார்கள், எத்தனை படுக்கைப் புண், எத்தனை மருந்துத் தவறு என்று எண்ணுவது சிரமமா? எண்ணட்டும். எண்ணியதை வருடா வருடம் வெளியிடட்டும். தவறை எழுதிக் கொடுத்தவரைத் தண்டிக்காமல், அந்த ஷிப்ட்டில் ஆள் எத்தனை என்பதை முதலில் பார்க்கட்டும். அண்ணன் மாதிரி வயதானவர்கள் இருக்கும் வார்டில் இரவில் இன்னொரு கை கொடுக்கட்டும். பட்ஜெட் இல்லை என்றால், பதினோரு நாள் கூடுதல் படுக்கைக்கு எங்கிருந்து பட்ஜெட் வந்தது என்று சொல்லட்டும்.

நாம் செய்யக்கூடியதும் உண்டு. உங்கள் வீட்டில் யாராவது படுத்திருந்தால், ராணுவமோ சிவிலோ, சாயங்காலம் கிளம்புமுன் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்னைக்கு ராத்திரி இந்த வார்டுக்கு எத்தனை பேர் டியூட்டி?" சிஸ்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவருக்குத் தெரியாததையா நீங்கள் சொல்லப் போகிறீர்கள். பதிலைக் குறித்துக்கொண்டு மேலே இருப்பவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வயதானவரைத் தனியே எழுந்து நடக்க விடாதீர்கள். சிஸ்டர் டிரேயில் மருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் டிஸ்சார்ஜ் எப்போது என்று கேட்காதீர்கள். கவனம் சிதறி மருந்து மாறுவது அப்படித்தான்.

கடைசியாக, போன வாரம் மூன்று பேர் ஒரே கேள்வியோடு போன் செய்தீர்கள். பெண் நீட் எழுதியிருக்கிறாள், ராணுவ பி.எஸ்சி. நர்சிங்குக்குப் போடலாமா என்று. தாராளமாகப் போடுங்கள். புனேயில் ஏஎஃப்எம்சி, பெங்களூருவில் கமாண்ட் ஹாஸ்பிடல் என்று ஆறு கல்லூரிகள் இருக்கின்றன, முதல் கட்டமாக நீட் மார்க்கை வைத்து வடிகட்டுகிறார்கள். பெங்களூரு கிடைத்தால் காட்பாடியில் ரயில் ஏறி நாலு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். படிப்பு நன்றாக இருக்கும், முடித்தால் அதிகாரி. என் மாணவிகள் மூன்று பேரின் நம்பர் கேட்டால் அவர்களிடம் அனுமதி வாங்கித் தருகிறேன். அவர்கள் நைட் டியூட்டி முடித்துத் தூங்கும் நேரத்தில், பகல் பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை மட்டும் போன் செய்யாதீர்கள்.